கிணற்றடியில் நின்றுவிட்டவனுக்கு

கல்லடி, மட்டக்களப்பு.
வைகாசி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வேலை, பனி முடிந்து வந்த வெயில், மகளின் பள்ளிக்கூடம் என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே ஒரு வரி: விட்ச்சர் 3 என்ற வீடியோ விளையாட்டைத் தொடங்கினேன், கிணற்றடிப் பேயோடு நிறுத்திவிட்டேன், அதை அடிக்கவே முடியவில்லை என்று. என் மனம் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. ஊர்ச் செய்தியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் தெருவில் ஒரு நாய்கூட நடமாடுவதில்லை. கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தாயிற்று, குளிர்த்திச் சடங்குக்கு இன்னும் சில நாள்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தும் குளிர்த்திக்குப் போயே தீருவேன் என்கிறார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மைத்துனர் சிறுபோக நெல் விதைத்திருக்கிறார். வெல்லாவெளிப் பக்கம் யானை வருவது குறையவில்லை. இரவு முழுக்கப் பரணில்தான் இருக்கிறார். குட்டியோடு கூட்டமாக வந்தால் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் திரும்பிவிடும், தனியன் வந்தால் யானைவெடிக்கும் அசையாது என்பார். இருட்டில் கிளை முறிகிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது எது என்று சொல்லிவிடுகிறார்.

இனி உன் பேய்க்கு வருவோம்.

நீ எங்கே பிசகினாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கேதான் பிசகினேன். இந்த விளையாட்டு 2015 மே மாதம் வெளிவந்தது. நான் அதைத் தொட்டது போன வருடம், மகனுக்காக ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கிய பிறகு. முதல் இரண்டு மணித்தியாலமும் ஒரே பட்டனை அமுக்கிக்கொண்டு வாளை வீசினேன். நாய், ஓநாய், வழிப்பறிக்காரன் எல்லாம் விழுந்தார்கள். இதுதான் சண்டை என்று நம்பிவிட்டேன். பிறகு ஆற்றங்கரையில் ட்ரௌனர்கள் வந்தன. நீரில் மூழ்கிச் செத்த மனிதன் மாதிரி நீலம் பாய்ந்த உடம்பு. ஒன்றை நான் வெட்டிக்கொண்டிருக்க மற்ற இரண்டும் பின்னால் வந்து முதுகைக் கிழித்துவிட்டன. அப்போதுதான் என் கையில் இருப்பது உருக்கு வாள் என்று கவனித்தேன். மனிதருக்கும் விலங்குக்கும் உருக்கு, பேய் பிசாசுகளுக்கு வெள்ளி. கதாநாயகன் ஜெரால்ட் முதுகில் இரண்டு வாள் சுமந்து திரிவது அழகுக்காக என்று நினைத்திருந்தேன், மச்சான்.

ட்ரௌனர்களுக்கு நெருப்பு பகை. இக்னி மந்திரத்தை ஒருமுறை வீசினால் தீப்பிடித்துத் திணறும், அந்த நேரத்தில் வெட்டிவிடலாம். நெக்கர்கள் குள்ளமானவை, ஒன்று தனியாக வந்தால் பொருட்டில்லை. ஆனால் கும்பலாக வரும். சூழ விடாமல் பின்வாங்கிப் பின்வாங்கி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவற்றின் வளைக்குள் குண்டு போடாவிட்டால் அந்த இடம் துப்புரவாகாது. கேடயக்காரனை நேரே அடித்துப் பயனில்லை, பக்கவாட்டில் நழுவிப் போய் வெட்டு. பிணம் தின்கிற அல்கூல் கோபம் வந்தால் முதுகில் முள்ளை விரிக்கும். அந்த நேரத்தில் நீ அடித்தால் காயம் உனக்குத்தான். ஆக்ஸி என்ற மந்திரத்தால் அதன் மனத்தை ஒரு கணம் மயக்கினால் முள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அடி வாங்கி வாங்கி, அவை வருகிற விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. ஒருநாள் மகன் பக்கத்தில் இருந்து கேட்டான்: "அப்பா, அது பாயப் போகிறது என்று உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது?" எனக்குச் சட்டென்று பெரியப்பாவின் கூத்துக் களரிதான் நினைவுக்கு வந்தது. உனக்கும் மறந்திருக்காது. வடமோடிக் கூத்து ஆடும் இரவுகளில் நாங்கள் இருவரும் சனத்துக்குப் பின்னால் உயரம் போதாமல் நிற்போம். களரிக்குள் யார் வருகிறார் என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அண்ணாவியார் மத்தளத்தில் வரவுத் தாளத்தைத் தொடங்கினாலே, சதங்கைச் சத்தம் கேட்டாலே, வருவது அரசனா கட்டியகாரனா என்று நீ சொல்லிவிடுவாய். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தாளக்கட்டு, தனி வரவு ஆட்டம். கரப்புடுப்பு என்ற கூத்து உடையின் பாரத்தோடு வருகிறவன் திரும்புகிற விதம் வேறு, வெறும் வேட்டியோடு வருகிறவன் துள்ளுகிற விதம் வேறு. இந்த விளையாட்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு பகைக்கும் ஒரு வரவு இருக்கிறது. ட்ரௌனர் பாய்வதற்கு முன் தோளைத் தாழ்த்தும். கழுகுத் தலையும் சிங்க உடம்புமான கிரிஃபின் மேலேறி ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் இறங்கும். அந்த வரவைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குக் கை தானாக ஒத்துழைக்கிறது.

கிரிஃபினைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். நீ அதற்கு இன்னும் போயிருக்க மாட்டாய், ஆகவே முழுவதும் சொல்லி உன் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன். அதோடு மோதுவதற்கு முன் அதன் கூட்டைத் தேடிப் போகச் சொல்வார்கள். தவறாமல் போ, அங்கே கிடப்பதை நின்று பார். அந்த மிருகம் ஏன் ஊர்ச்சனத்தைக் கொல்லத் தொடங்கியது என்று அங்கே தெரியும். தெரிந்த பிறகும் நீ அதைக் கொல்லத்தான் வேண்டும். குறுக்குவில்லால் சுட்டுத் தரைக்கு இறக்கி, சிறகு அடிபட்டுத் தடுமாறுகிற நேரத்தில் வெட்டினேன். வென்ற சந்தோஷம் எனக்கு வரவில்லை. படுவான்கரையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் யானையைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடு நினைவு வருகிறது.

உன் கிணற்றடிப் பேயை அந்த விளையாட்டில் நூன்ரெய்த் என்கிறார்கள். நான் உச்சிப்பேய் என்றே சொல்கிறேன். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் போலந்துக்காரர்கள். அவர்கள் நாட்டுப்புறங்களில், நண்பகலில் வயலில் நிற்பவர்களைப் பிடிக்கும் ஒரு பெண்பேய்க் கதை பழங்காலத்திலிருந்தே உண்டு. வெயிலில் மயங்கி விழுந்தவர்களை அவள் தொட்டுவிட்டாள் என்பார்களாம். எங்கள் அம்மம்மா உச்சிப்பொழுதில் கிணற்றடிக்கும் ஆலமரத்தடிக்கும் போகவிடாமல் எங்களைத் தடுத்தது இதே பயத்தில்தானே! கடல் கடந்து, மொழி கடந்து, அதே நேரம், அதே வெயில், அதே பெண். இதைக் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நீ வாளை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போயிருப்பாய். அவள் புகை மாதிரி. வாள் ஊடே போய்விடும், அவள் இன்னொரு பக்கத்தில் முளைப்பாள். ஆகவே இப்படிச் செய். முதலில் வெள்ளி வாளில் ஆவிகளுக்கான எண்ணெயைப் பூசு. ஒருமுறை தயாரித்துவிட்டால் எத்தனை தடவையும் பூசலாம். பிறகு யர்டன் மந்திரத்தைப் போடு. தரையில் ஊதாநிற வட்டம் ஒன்று விரியும். நீ அந்த வட்டத்துக்குள் நில். அவளைத் துரத்தாதே. அவளாக வருவாள். வட்டத்துக்குள் கால் வைத்த கணத்தில் புகை இறுகி உடம்பாகும், நடை தளரும்; அப்போது வெட்டு, இரண்டு மூன்று வெட்டோடு நகர்ந்துவிடு. வட்டம் மங்கினால் மீண்டும் போடும்வரை விலகி ஓடு, அடிக்க முயலாதே. பாதி உயிர் போனதும் அவள் மூன்று உருவங்களாகப் பிரிந்து உன்னைச் சுற்றி நிற்பாள். அவை நிற்கும்வரை அவளுக்கு உயிர் ஊறிக்கொண்டே இருக்கும். பதறாமல் அந்த உருவங்களை ஒவ்வொன்றாகக் கலைத்துவிடு. குவென் என்ற காப்பு மந்திரம் ஓர் அடியைத் தாங்கும். முதல் முறை பழகும்போது அது ஆறுதலாக இருக்கும்.

ஆனால், மச்சான், நீ நிறுத்தியது இதனால்தானா என்று எனக்கு ஐயம்.

அந்தப் பேய் வருவதற்கு முன், கிணற்றுக்குள் இறங்கச் சொல்வார்கள். கயிற்றில் தொங்குகிற உடலை விடுவித்து, கீழே தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் கிடக்கும் அவளுடைய கைவளையத்தை எடுக்க வேண்டும். அதையும் உடலையும் சேர்த்து எரித்தால்தான் அவள் வெளிப்படுவாள், அவளுக்கு விடுதலையும் கிடைக்கும். ஜெரால்ட் அந்தத் தண்ணீருக்குள் குதித்தபோது எனக்கு 2005 தை மாதம் வந்துவிட்டது. நாவலடியில் மாமி வீட்டுக் கிணறு. சுனாமியில் கடல் வந்து போய் மூன்று கிழமை. நீ மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் உள்ளே இறங்கினேன். தண்ணீர் கறுப்பாக, எண்ணெய் படிந்து இருந்தது. வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தேன். ஒரு செருப்பு, நசுங்கிய அலுமினியப் பானை, ஊறிப் பருத்த ஆண்டு மூன்றுப் பாடப்புத்தகம். ஒவ்வொன்றையும் நீ வாங்கி வேலியோரம் வரிசையாக அடுக்கினாய், யாராவது தேடி வருவார்கள் என்று. யாரும் வரவில்லை. எவ்வளவு இறைத்தும் உவர் போகவில்லை. மாமி திராய்மடுக் குடியேற்றத்துக்குப் போனார். அடுத்த வருடம் நீ கனடாவுக்குப் போனாய். அந்தக் கிணற்றைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை.

நான் நினைப்பது பிழை என்றால் மன்னித்துக்கொள். சரி என்றால், நீ அந்த இடத்தில் கன்ட்ரோலரை வைத்ததில் எந்தக் குறையும் இல்லை. நானும் அன்று அணைத்துவிட்டு வெளியே போய் வாவிக் கரையில் நெடுநேரம் இருந்தேன். அடுத்த நாள்தான் திரும்ப எடுத்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒருவர் தன் நோயாளி மகளுக்காகக் கேட்டிருந்தார் அல்லவா, அது நினைவில் இருந்தது.

பின்னால் இன்னொன்று வரும். பெயர் வைக்காமல் புதைத்த குழந்தை ஒன்று பேயாகத் திரிகிறது. அதையும் வெட்டலாம், வழி இருக்கிறது. ஆனால் அதன் தகப்பனைக் கூட்டி வந்து, அவர் கையிலேயே அதைத் தூக்கிவரச் செய்து, பெயர் சொல்லி, வீட்டு வாசற்படியின் கீழ் புதைக்கவும் வழி இருக்கிறது. போகும் வழியில் அது துடித்துக் கத்தும். ஆக்ஸி போட்டு அமைதிப்படுத்திக்கொண்டே போக வேண்டும். அல்கூலின் முள்ளை அடக்கிய அதே மந்திரம்தான். தாலாட்டுகிற கை மாதிரி அதை அங்கே பயன்படுத்துகிறோம். மகன் எழுந்து வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். அவன் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உனக்குச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறரை. நான் எழும்பித் தேநீரோடு இருப்பேன். வீடியோ அழைப்பில் திரையை எனக்குக் காட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கு. இந்த முறை கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா உன்னையும் பிள்ளையையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

என்றும் உன்
மச்சான்