விஜிக்கு, போனில் சொல்ல முடியாமல் போனது

சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜி,

நேற்று நீ கூப்பிட்டபோது கோர்ட் ஹாலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள், பாதியில் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவன் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவியே ஓடுவதில்லை.

சரி, சரசு அக்கா மகன் விஷயம். செல்போன் திருட்டு வழக்கில் பிடித்துப் புழலில் வைத்திருக்கிறார்கள், "நீ கவர்ன்மென்ட் வக்கீல்தானே, ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாய். சொல்ல மாட்டேன் விஜி. அந்த வழக்கு என் கோர்ட்டில் இல்லை, இருந்தாலும் சொல்லக் கூடாது. நான் ஏ.பி.பி., அதாவது அரசுத் தரப்பில் வழக்கு நடத்துகிற உதவி அரசு வக்கீல், அந்தப் பையனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற ஆள். ஆனால் அவனுக்காகப் பேசுவதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வக்கீல்களை வைத்திருக்கிறது. அக்கா வளையலை அடகு வைப்பதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்.

"அவரையும் அரசாங்கம்தான் வைக்குது, இவளையும் அரசாங்கம்தான் வைக்குது, அப்புறம் அவர் எப்படி ஒழுங்காப் பேசுவார்?" என்று உன் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. ஆனால் பலர் நினைப்பதுபோல நான் போலீசின் வக்கீல் இல்லை. விசாரித்து வழக்குக் கட்டைத் தயார் செய்வது அவர்கள் வேலை, அதைப் படித்து உள்ளதை உள்ளபடி நீதிமன்றத்தின் முன் வைப்பது என் வேலை. எதிரிக்குச் சாதகமான காகிதம் கட்டில் இருந்தால் அதையும் நான் மறைக்கக் கூடாது. (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர், இத்தனை வருஷமாகியும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.) தண்டனை வாங்கிக் கொடுத்தால் எனக்குச் சம்பளம் கூடாது, விடுதலையானால் குறையாது. ஆனால் மேசையில் கட்டுகள் குவிகிற நாளில் எதையாவது தவறவிடத்தான் செய்வேன். எதிரே கட்டைப் படித்துவிட்டு வந்த வக்கீல் ஒருவர் நின்றால்தான் அது வெளியே வரும். அந்த இடம் காலியாக இருக்கும்போது என் வேலையும் கெட்டுப்போகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷம் முன்னால், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், திருட்டு வழக்கு, தமிழ் தெரியாது, ஜாமீன் கேட்க ஆள் இல்லை. அந்த மாதிரி வழக்கில் அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். அறுபது நாள் தாண்டியது. ரிமாண்ட் நீட்டிப்புக்கு வந்தபோது காலண்டரைப் பார்த்து நான் எண்ணினேன், எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. அது என் வேலை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுபத்தொன்றாம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது, உரிமை போனது. அப்புறம் யாரோ சொல்லிக் கொடுக்க, குற்றத்தை ஒப்புக்கொண்டு, உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு போனான். அவன் எடுத்தானா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவே இல்லையே.

2020-ல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், இப்படி ஓர் உரிமை வந்துவிட்டதை மாஜிஸ்திரேட்டே கைதியிடம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. படித்தபோது அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. ஏழைக்கு இலவச சட்ட உதவி என்பது 1976-லேயே அரசியல் சாசனத்தில் 39ஏ பிரிவாக வந்துவிட்டது. 1980 டிசம்பரில், பீகாரின் பாகல்பூரில் போலீஸ் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய அந்தக் கொடுமையான வழக்கில், முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே வக்கீல் கொடுக்க வேண்டும், 'அவன் கேட்கவில்லை' என்று சாக்குச் சொல்லக் கூடாது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவச சட்ட உதவிக்கென்று ஆணைக்குழுக்களை அமைத்த 1987 சட்டம் 1995-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரொம்ப காலம், பேனலில், அதாவது சட்ட உதவிக்கான பட்டியலில், இருக்கும் வக்கீல்கள் வழக்குக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகைக்கு, தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்த்தார்கள். நல்லவர்களும் இருந்தார்கள். வாய்தா வாங்கிக்கொண்டு ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். 2022-ல் வந்த திட்டத்தில்தான் முழுநேர வக்கீல்கள், தனியாகத் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தார்கள். இப்போது என் எதிரே நிற்கிற பெண் வயதில் மிகச் சின்னவள், போன மாதம் ஒரு மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதுகிற பதிவு) இருந்த நேரத்தையும் எப்.ஐ.ஆர். நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

உன் வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டியது வேறு ஓர் இடத்தில். என்னைப் போன்றவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிறோம். செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு நடத்துகிற பி.பி.யை, அதாவது அரசு வக்கீலை, அரசு தேர்ந்தெடுத்து நியமிக்கிறது, ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுகிறார்கள். ஒரு வழக்கைத் திரும்பப் பெறலாமா என்று சொந்தப் புத்தியில் முடிவு செய்யச் சட்டம் அவரிடம் சொல்கிறது, ஆனால் அந்த நாற்காலி யார் தயவில் கிடைத்தது என்று அவருக்குத் தெரியாதா? இதைப் பற்றி நேரில் பேசுவோம், எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

அக்காவுக்கு: 15100-க்கு போன் செய்யலாம். ஹைகோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, நேராகவும் போகலாம். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றெல்லாம் தேவையில்லை, யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீன் கொடுக்க முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், சிறை அதிகாரி அதே ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எப்.ஐ.ஆர். எண், ஸ்டேஷன் பெயர் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

முக்கியமாக, அவனை ரிமாண்ட் செய்த தேதியைக் கேட்டு, அந்த நாளையும் சேர்த்து எண்ணி, அறுபதாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல். இன்றைக்கே சொல்லிவிடு.

உன்
தேவகி