உன் பென்ஷன்தான் பிரச்சினையாம்

ஓசூர்
தீபாவளி கழிந்த வாரம், 2025

அன்புள்ள கோவிந்தா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, முட்டிவலி மட்டும் போகவில்லை. நீ செகந்திராபாத்திலிருந்து கொடுத்தனுப்பிய உஸ்மானியா பிஸ்கட்டில் பாதியைச் சங்கர் வரும் வழியிலேயே தின்றுவிட்டான். அவனைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை, அப்படியேதான் இருக்கிறான்.

இத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குத் தடையாக இருப்பது யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று பென்ஷன் வாங்குகிற நீதான்.

போன வாரம் எங்கள் சிறுதொழில்காரர்கள் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற அதிகாரிகள் இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். ஒருவர் தரைப்படை, இன்னொருவர் கடற்படை. டிபென்ஸ் ஆர்டர் பிடிப்பது எப்படி என்று சொல்வார்கள் என நம்பிப் போனோம். பத்தே நிமிடத்தில் அவர்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. கடற்படைக்காரர் பட்ஜெட் கணக்கை எடுத்தார். இந்த வருஷம் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. புது விமானம், கப்பல், பீரங்கி வாங்க 1.80 லட்சம் கோடி. பென்ஷனுக்கு மட்டும் 1.61 லட்சம் கோடி. "வாங்குவதற்கும் பென்ஷனுக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை என்றால் எப்படிப் போர் புரிவது?" என்று கேட்டார். எனக்கு உடனே நீ லுங்கியோடு மாடியில் உட்கார்ந்து டீ குடிப்பதுதான் கண்ணுக்கு வந்தது. ஒரு ரேடாரை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாயடா!

கோபப்படாதே. தரைப்படைக்காரர் உனக்காக எழுந்தார். அந்த 1.61 லட்சம் கோடியில் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்களின் பென்ஷனும் சேர்ந்திருக்கிறது, அதை ஏன் சிப்பாய் தலையில் மட்டும் கட்டுகிறீர்கள் என்றார். முப்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள், அறுபது வயதுவரை வேலை பார்த்த குமாஸ்தாவோடு அவனை ஒப்பிடுவீர்களா என்றும் கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன்.

அப்புறம் வழக்கமான பாட்டு. பாராளுமன்ற நிலைக்குழுவே நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பான ஜி.டி.பி.யில் 3 சதவீதம் வேண்டும் என்று சொன்னது, கிடைப்பதோ 1.9 தான் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. தமிழ்நாடு அரசின் ஒரு வருஷ மொத்தச் செலவு ஏறக்குறைய அவ்வளவுதான். அதை எங்கிருந்து எடுப்பது என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்காமல் போனது அதற்கப்புறம்தான். கடற்படைக்காரர் மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பல் வேண்டும் என்றார். 2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கப்பலுக்கே சுமார் 20,000 கோடி ஆனது. தரைப்படைக்காரர் சீன எல்லையைக் காட்டினார், கப்பலை லடாக்கில் நிறுத்தப் போகிறீர்களா என்றார். 2020-ல் முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த பிபின் ராவத்தே நீர்மூழ்கிதான் முதலில் என்ற பக்கம் சாய்ந்து பேசினார், நினைவிருக்கிறதா? விமானப்படைக்காரர் யாரும் வரவில்லை, வந்திருந்தால் 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவு, இருக்க வேண்டிய இடத்தில், செப்டம்பரில் பழைய மிக்-21 விமானங்கள் ஓய்வுபெற்ற பிறகு, 29 தான் மிச்சம் என்று அவரும் ஒரு பக்கம் இழுத்திருப்பார். மூன்று பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் தலைவலி. யார் யார் வருவார்கள் என்று பட்டியலே போடாமல் கல்யாணப் பந்திக்கு எத்தனை இலை என்று சண்டை போடுகிற மாதிரி இருந்தது.

எழுந்து கேட்டேன்: நம் தேசியப் பாதுகாப்பு உத்தி என்ன, எங்கே எழுதியிருக்கிறது? எந்த எதிரியோடு, எத்தனை நாள், நிலத்திலா கடலிலா? அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் வெளியிட்டுவிடுகிறார்கள். நம்மிடம் 2009-ல் பாதுகாப்பு அமைச்சர் தந்த ரகசிய உத்தரவு ஒன்று இருக்கிறதாம். 2018-ல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல் தலைமையில் குழு போட்டு உத்தி எழுதச் சொன்னார்கள், வெளியே ஒன்றும் வரவில்லை. எழுதினால் கை கட்டிப்போகும், எதிரிக்குத் தெரிந்துவிடும் என்றார் தரைப்படைக்காரர். முழுவதையும் சொல்ல வேண்டாம், எது முதலில் எது பிறகு என்றாவது சொல்லலாமே. அதைச் சொல்லாதவரைக்கும் செலவு வெட்டு எங்கே விழும்? குரல் கொடுக்க ஆளில்லாத இடத்தில்தான்.

என் பட்டறையில் அதை நேராகவே பார்க்கிறேன். ஓசூரை 2019-லேயே பாதுகாப்புத் தளவாடத் தொழிலுக்கான டிபென்ஸ் காரிடாரில் ஒரு முனை என்று அறிவித்தார்கள். அதை நம்பித்தான் லோன் போட்டு, கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் கடைகிற சி.என்.சி. மெஷின் வாங்கினேன், ஆர்டர் நிறைய வர வேண்டும் என்கிற பேராசை எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் ஆர்டர் வருவதோ, எட்டு மாதம் மெஷின் தூங்கும், பிப்ரவரி வந்தால் மார்ச்சுக்குள் முடி முடி என்று உயிரை வாங்குவார்கள். மார்ச் 31 தாண்டினால் பணம் காலாவதி. காலாவதியாகாத தனி நிதி வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக் கமிஷனே எழுதிக் கொடுத்தது. நம் நாட்டுப் போர் விமானம் தேஜஸைப் பார். 83 விமானத்துக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள், அமெரிக்க என்ஜின் முதலாவது வந்தது 2025 மார்ச்சில். கீழே என்னைப் போல ப்ராக்கெட் மாதிரிச் சின்ன உதிரிபாகம் செய்கிறவன் வரைக்கும் அந்தத் தாமதம் இறங்கி வருகிறது. அவனுக்கு வட்டி மட்டும் தாமதமாவதில்லை.

ஆயுதம் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ராயக்கோட்டை மலை ஏறி நாம் கல்லெறிந்த இடத்தில் ஒரு காலத்தில் மைசூர் திப்புவின் ஆட்கள் நின்றார்கள். ராக்கெட் வைத்திருந்த ராஜ்யம், 1792-ல் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகாலையே கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அன்று மலையில் நீ அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, காரணத்தை இங்கே எழுதவில்லை, உன் மனைவி படிப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன், நாலு வருஷத்துக்கு மட்டும் படையில் சேர்க்கும் அக்னிவீர் திட்டத்தில் முதல் பேட்ச். அடுத்த வருஷக் கடைசியில் அவனுக்கு நாலு வருஷம் முடிகிறது. நூறில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. அன்று மேடையில் பென்ஷன் கணக்கு சொன்னவர் இந்தத் திட்டத்தைப் பாராட்டினார், காசு மிச்சமாகும் என்றார். மிச்சமாகத்தான் செய்யும். அந்த மிச்சத்தில் அவர் மூன்றாவது கப்பல் கேட்கிறார், தரைப்படைக்காரர் மலைப்படை கேட்கிறார், பையன் தருமபுரி நாலு ரோட்டில் வேலை தேடி நிற்பான். அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இன்னும் சூலகிரியில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நிரந்தரமாக நிற்க என்னென்ன பார்ப்பார்கள், எந்தக் கோர்ஸ் செய்தால் பாயிண்ட் கூடும் என்று உனக்குத்தான் தெரியும். அவன் என்னிடம் பேச வெட்கப்படுகிறான், சுபேதார் மாமாவிடம் பேசுவான். ஞாயிறு மதியத்தில்தான் அவன் கையில் போன் இருக்கும். கூப்பிட்டுப் பேசு, என்னிடம் அப்புறம் சொல். அறிவுரை மட்டும் நீளமாக வேண்டாம், அது உன் வியாதி.

அன்புடன்,
முருகேசன்