மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன்

செங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

லேப்டாப்போடு டைப்-சி கேபிளில் இணைத்த புது மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்றே வருகிறது, கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று மாப்பிள்ளை உன் அப்பாவிடம் சொன்னாராம். கொஞ்சம் பொறுங்கள். அந்த எழுத்து தெரிகிறது என்றாலே மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. படம்தான் வந்து சேரவில்லை.

உன் லேப்டாப்பின் டைப்-சி துளையைப் பார். வெளியே எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சிலவற்றில் சார்ஜும் கோப்புகளும் மட்டுமே போகும், படம் போகாது. பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் போகும். குறி இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் விவரக்குறிப்பில் தேடு. துளை சரி என்றால் அடுத்த சந்தேகம் கேபிள். போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் செருகியிருந்தால் அது பெரும்பாலும் படத்தைக் கடத்தாது.

இந்த வம்பே வேண்டாம் என்றால் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கு. படமும் ஒலியும் ஒன்றிலேயே போய்விடும். மானிட்டரின் பொத்தானை அழுத்தி எச்டிஎம்ஐ-யைத் தேர்ந்தெடுக்க மறக்காதே. உன்னுடையது 4கே மானிட்டர் அல்லவா? லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை பழைய 1.4 வகை என்றால் 4கே-யில் வினாடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். 2013-இல் வந்த 2.0 வகை 60 தரும்.

படம் வந்ததும் விண்டோஸ் விசையோடு ‘பி’-யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ கொடு. ‘டூப்ளிகேட்’ வைத்துக்கொண்டு ஒரே படத்தை இரண்டு இடத்தில் பார்க்கவா இவ்வளவு செலவு? நம் டிடிபி கடையில் இரண்டு திரை இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது. நம் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர்; கல்யாண சம்பந்தம் இன்னும் மலைக்கு அந்தப் பக்கமும் போகிறது. பெண் புனலூர், மாப்பிள்ளை இலஞ்சி என்றால் பத்திரிகை இரண்டு மொழியிலும் வேண்டும். மலையாளப் படியை இடது திரையில் திறந்துவைத்து வலது திரையில் தமிழை அடிப்பேன். முகூர்த்த நேரம், தாய்மாமன் பெயர் எல்லாம் வரிக்கு வரி ஒத்துப் பார்க்கலாம். தாய்மாமன் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சண்டை கடை வாசலுக்கே வந்துவிடும்.

மவுஸ் தப்பான பக்கம் போய் முட்டினால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்ற கட்டங்களை, உன் மேசையில் இருக்கும் வரிசைப்படி இழுத்து வை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். ஸ்டாண்ட் குட்டையாக இருந்தால், மாப்பிள்ளையின் சட்டப் புத்தகங்கள் சும்மாதானே கிடக்கின்றன, அடியில் இரண்டை வை.

அன்புடன்,
அம்மா