டைல்ஸுக்குப் பின்னால் இருந்தது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டு வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, தை பிறந்ததும் குடி போகிறோம் என்று படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஆனால் குளியலறை டைல்ஸை இங்கிருந்து ஒரு குழுவுக்குச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாக விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் உடனே எழுதுகிறேன்.

அம்மாவால் மாடி ஏற முடியவில்லை என்று கீழ் அறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டினோமே, நீகூட வந்து பார்த்துவிட்டு, கோடு பிசகாமல் ஒட்டியிருக்கிறார்கள் என்றாய். சில மாதங்களாக அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. சுரண்டினால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் போர் தண்ணீர் உப்பு, சேலத்தில் எந்த வீட்டில்தான் இல்லை என்றார்கள். ஆனால் யாரும் குளிக்காத நாட்களிலும் ஈரம் குறையவில்லை. அப்படியென்றால் கசிவது தரையோ இடுக்கோ இல்லை, சுவருக்குள் போகிற குழாய்.

ஓமலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். நிதானமான மனிதர். உளியைத் தொடாமல், ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் பொள்ளலாகக் கேட்டது. உளி வைத்ததும் முதல் டைல் உடையாமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பின்பக்கம் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகச் சிமெண்ட்; மற்ற இடமெல்லாம் வெறும் டைல், கம்பெனி எழுத்துகூட மறையவில்லை. பழைய சுவரின் பெயிண்டைக் கொத்திவிடாமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

வெந்நீர்க் குழாய் திரும்புகிற இடத்தில் எல்போ என்கிற வளைவு மூட்டு இல்லை. குழாயை நெருப்பில் காட்டி வளைத்திருக்கிறார்கள். வளைத்த இடம் மெலிந்து கீறல் விட்டு, ராத்திரி பகலாகக் கசிந்துகொண்டிருந்தது. வெந்நீரும் தண்ணீரும் கலந்து வருகிற மிக்ஸர் குழாயைச் சுற்றிய ஓட்டையில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சுருட்டித் திணித்து மேலே பூசியிருந்தார்கள். தரை வாட்டம் கதவுப் பக்கமாக இருந்தது. வாட்டர்ப்ரூஃபிங் என்று தனியாகப் பணம் வாங்கினார்களே, அதன் சுவடு சுவரிலும் இல்லை, தரையிலும் இல்லை. நிற்கவே தடுமாறுகிற ஒரு வயதான அம்மா குளிக்கிற இடம் என்று தெரிந்தே இப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேஸ்திரி விளக்கிச் சொன்னார். பழைய செராமிக் டைலை ஊற வைத்து ஒட்டினால் அது சிமெண்ட் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்டில் நிற்காது. அதற்கென்று பசை இருக்கிறது, பையில் ஐ.எஸ். 15477 என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கு. பல் வைத்த கரண்டியால் பசையை முழுக்க இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய சூட்டோடு ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல், பின்பக்கம் முழுக்கப் பசை பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். டைல் இடுக்கில் அடைக்கிற கிரவுட் தண்ணீரை நிறுத்தாது. நிறுத்த வேண்டியது டைலுக்கு உள்ளே பூசுகிற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு.

என்னைக் கேட்டால் கோளாறு அந்தச் சதுர அடிக் கூலியிலேயே இருக்கிறது. கொத்திவிடுவது, பூசியது காயக் காத்திருப்பது, குழாயில் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது, எதற்கும் சதுர அடி கிடையாது. காத்திருக்கிற நாளெல்லாம் அவர்களுக்கு நஷ்டம். அதனால் குளியலறையை மட்டுமாவது நாள் கூலிக்கு மாற்றிவிடு. முடியாது என்றால், பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வை. டைல் பதிக்கும் முன், தரையில் தண்ணீர் வெளியேறுகிற நானி டிராப்பை அடைத்து, தரையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி, மட்டம் இறங்கவில்லை, கீழேயும் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகு கொடு.

உன் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற ஆட்கள், சீக்கிரம் முடித்து இறங்கத்தான் பார்ப்பார்கள். பிறகு ஒரு கசிவு என்றால் திரும்ப ஏறி வருவார்களா? ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் சுவர்ப் பூச்சு இங்கே காய்கிற வேகத்தில் அங்கே காயாது. தைக்குள் முடிய வேண்டும் என்று அவர்களை விரட்டாதே. பொங்கல் தள்ளிப் போனால் போகட்டும். சுவரை மூடும் முன் குழாய்கள் போகிற பாதையை டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி ஃபோட்டோ எடுத்துக்கொள். நாளைக்குத் துண்டு போடுகிற கம்பிக்குத் துளை போடும்போது உதவும்.

அம்மா இப்போதைக்குக் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். உன் பெண்ணின் பரீட்சை எப்படிப் போனது என்று விசாரித்தார். மேஸ்திரியிடம் உன் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டேன்; எங்கள் வேலை முடிந்ததும் ஏற்காடு வரச் சம்மதித்திருக்கிறார். உன் ஆட்கள் முதல் டைலை ஒட்டும் முன் எனக்கு ஒரு ஃபோன் பண்ணு, நானும் அவருடன் வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்