சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் எங்கள் தலைவரம்மாவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவரம்மா,

வணக்கம். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்த பிறகும் ஊரில் உங்களை யாரும் வேறு விதமாகக் கூப்பிடுவதில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன். சட்டமன்றத் தேர்தலில் உங்களுக்கு சீட் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று நம் ஊராட்சியில் கட்சி பார்க்காமல் பலரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் நேற்று வீட்டுக்கு வந்த உங்கள் நோட்டீஸைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

அதன் முன்பக்கம் முழுக்கக் கட்சித் தலைவர்களின் படங்கள். பின்பக்கம் ‘சாதனைகள்’ என்று ஒரு பட்டியல்: வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு, சிமெண்ட் சாலை, எல்.இ.டி. தெருவிளக்கு, அரசு வீடுகள். எல்லாம் நடந்தவைதான், பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் வேறு யார் தலைவராக இருந்திருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி வந்திருக்கும். குடிநீர் இணைப்பு ஜல் ஜீவன் திட்டத்தில் வந்தது. அது 2019 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் அறிவித்த திட்டம். மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட்டன. பக்கத்து ஊராட்சிகளிலும் அதே குழாய்தான் புதைத்தார்கள். நீங்கள் செய்த வேலை வேறு. அதைப் பற்றி அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை.

குழாய் போட்டு முடித்து, இணைப்புக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. கடைக்கோடியில் இருக்கும் காலனித் தெருக்களுக்கோ தண்ணீர் வந்து சேரவே இல்லை. மேலத்தெருவில் பல வீடுகளில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் விடியற்காலையில் தொட்டி ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். காலனிக்கு முதல் முறை, பிறகு கீழத்தெரு, கடைசியாக மேலத்தெரு என்று மாற்றினீர்கள். அடுத்து வந்த கிராம சபையில் மோட்டார் வைத்திருந்த வீடுகளின் பெயர்களை வாசித்தீர்கள். உங்கள் கொழுந்தனார் வீடும் அதில் இருந்தது. மேலத்தெரு ஆட்கள் பாதியில் எழுந்து போனார்கள். நீங்கள் தீர்மானத்தை முழுவதும் எழுதவைத்து, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கூட்டத்தை முடித்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இதை எப்படி மறப்பேன்?

இந்தச் சங்கதியை இப்போது மேடையில் எடுத்தால் மேலத்தெரு ஓட்டு போய்விடும் என்று கூட இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். தொகுதி முழுக்க எத்தனை ஊரில் எத்தனை காலனி இந்தக் கடைக்கோடித் தண்ணீருக்குக் காத்திருக்கிறது என்று அவர்கள் யோசித்தார்களா?

வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுத்திருப்பீர்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு என்று எல்லாவற்றையும் அது கேட்கும். 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை அது. ஆனால் ஏற்கெனவே வகித்த பொதுப் பதவியில் என்ன செய்தீர்கள் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. உங்களிடம் எத்தனை பவுன் நகை இருக்கிறது என்பது இணையத்தில் போய்விடும். உங்கள் காலத்தில் எத்தனை கிராம சபை நடந்தது, தணிக்கையில் என்ன ஆட்சேபணை வந்தது, அதற்கு என்ன பதில் கொடுத்தீர்கள் என்பது எங்கும் வராது. சட்டம் கேட்காவிட்டால் என்ன, நீங்களாகவே அச்சடித்துக் கொடுங்கள். கிராம சபையில் வரவு செலவை பிளெக்ஸில் எழுதி மாட்டியவர் நீங்கள். அது உங்களுக்குப் புதிதில்லை.

கொடுத்தால் முடியாமல் போனதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சுடுகாட்டுப் பாதைக்குத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டோம். இன்றைக்கும் மழைக்காலத்தில் பிணத்தைச் சேற்றில்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். அளந்து கல் ஊன்ற சர்வேயர் வரவில்லை. வரவைக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. எந்தத் தேதியில் யாருக்கு எழுதினீர்கள், என்ன பதில் வந்தது என்பதைச் சொன்னாலே போதும். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றீர்கள், மார்ச் மாதமே ஊரடங்கு வந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 2 கிராம சபையைக்கூடக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கடைசி இரண்டு வருடம் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தவர்களிடம் பெரும்பாலும் பேசியது உங்கள் கணவர். போனை எடுத்தது அவர், ஒன்றிய அலுவலகத்துக்குப் போனது அவர். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று கேள்விப்பட்டோம்; அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நாங்கள் ஓட்டுப் போட்டது உங்களுக்கு. காமராஜர் சிறையில் இருந்தபோது, 1941-இல், அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழுதாகக் கவனிக்க முடியாத பதவி தனக்கு வேண்டாமென்று விலகினார். உங்களை விலகச் சொல்லவில்லை, தலைவரம்மா. வால்வு திறக்க விடியற்காலையில் கிளம்பிய அதே ஆளாக நீங்கள் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். அங்கே உங்கள் இருக்கையில் வேறு யாரும் உட்கார முடியாது. எனவே அங்கேயும் உங்கள் வேலையை உங்கள் கணவர்தான் பார்ப்பாரா என்ற கேள்விக்கு உங்கள் வாயாலேயே பதில் வரட்டும்.

நான் உங்களை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 234 பேர் உட்காரும் அந்த மன்றத்தில், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அல்லாடியவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். மோட்டார் விவகாரத்துக்குப் பிறகு நம் துணைத்தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததில் தூய்மைக் காவலர்கள் சம்பளத்துக்காக அலுவலக வாசலில் வந்து நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணை 29 துறைகளைச் சொல்கிறது. அவற்றில் எத்தனை நம் கைக்கு வந்தன என்பதை உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? முதலில் மாதம் 1,000 ரூபாய், 2023-க்குப் பிறகு 2,000 ரூபாய் என்ற மதிப்பூதியத்துக்கு ஐந்து வருடம் அலைந்தவர் நீங்கள். இப்போது வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பே 40 லட்சம்.

அதைவிட முக்கியமானது தேர்தல். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடையில் மூன்று வருடத்துக்கும் மேலாக, தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள். உங்கள் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோதும் அதே கதை: தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-E பிரிவு சொல்கிறது. ஆண்ட கட்சிகள் மாறின, வழக்கம் மாறவில்லை. உங்கள் கட்சி உட்பட எந்தக் கட்சியின் மேடையிலும் இதைப் பற்றி உரக்க ஒரு பேச்சில்லை. ஜெயித்தால், உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தச் சொல்லிச் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா? ஆளும் வரிசையில் உட்கார்ந்தாலும் பேசுவீர்களா? இதை எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரச்சார வேன் நம் ஊருக்கு வருகிறதாம். வேனில் நின்று கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடாமல், மந்தையில் இறங்கி ஒரு மணி நேரம் உட்காருங்கள். காவல்துறை அனுமதியை உங்கள் ஏஜென்ட் முன்கூட்டியே வாங்கிவிடட்டும். ஐந்து வருட வரவு செலவை எடுத்து வாருங்கள், நிலுவையில் கிடக்கும் தீர்மானங்களின் பட்டியலும் கூடவே இருக்கட்டும். மேலத்தெருக்காரர்களும் கேள்வி கேட்க வருவார்கள். அவர்களிடம் நான் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊராட்சி வாக்காளர் ஒருவன்