விளையாட்டு விழா முடிந்த மறுநாள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, பத்தாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் கூடியிருக்கிறது. குறுவட்டப் போட்டியில் கோ-கோ அணி இறுதிச் சுற்று வரை போனது, கபடியிலும் நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு நன்றி. விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, விளையாட்டு விழாவுக்கு வருகிறேன்.

விழாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் மைதானத்தைப் பார்த்தபோதுதான் மனசு கஷ்டமாகிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சாக்கோடு இறங்கிப் பொறுக்கினார்கள், நாலு சாக்கு நிறையத் தண்ணீர் பாட்டில். பல பாட்டில்களில் ரெண்டு வாய் குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மிச்சத் தண்ணீரைச் சுவரோரப் புங்கன் கன்றுகளுக்கு ஊற்றினார்கள், யாரும் சொல்லித்தரவில்லை. குழாயடியில் கிடந்த ஒரு மஞ்சள் ஜெர்சியை ஒரு பெண் எடுத்து வந்தாள். முதுகில் பெயரும் 7 என்ற எண்ணும் பளிச்சென்று இருந்தன, காலர்கூட அழுக்காகவில்லை. "ஒரு நாள்தாங்க சார் போட்டிருக்காங்க, இதை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

இந்தப் பருவத்தில்தான் அவர்களுக்கு விளையாட்டும் சுற்றுச்சூழலும் பற்றிப் பாடம் எடுத்தோம். தண்ணீர் பாட்டிலும் ஜெர்சியின் பாலியஸ்டர் நூலும் அடிப்படையில் ஒரே பொருள், பெட்ரோலியத்திலிருந்து வருவது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில், நெதர்லாந்து அணிகள் போட்டு ஆடிய ஜெர்சியே பழைய பாட்டில்களை உருக்கி நூலாக்கியதுதான், ஒன்றுக்கு எட்டு பாட்டில் வரை. 2016-ல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி, பிட்ச்சுக்குத் தண்ணீர் விடுவது வழக்காகி, ஏப்ரல் 30-க்குப் பிறகான ஐ.பி.எல். ஆட்டங்களை வேறு மாநிலத்துக்கு மாற்றச் சொன்னது பம்பாய் உயர் நீதிமன்றம். இதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, நம் மைதானத்தில் புழுதி அடங்க லாரித் தண்ணீர் அடித்தோமே, அது மட்டும் சரியா என்று கேட்டான். நியாயமான கேள்வி. அடுத்த வருஷம் கை கழுவும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதைத்தான் தெளிக்கப் போகிறோம்.

உங்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று இருக்கிறீர்கள். என் தம்பியும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்தான் போட்டிருக்கிறான். ஆர்டர் ஓடினால்தான் திருப்பூரில் அடுப்பெரியும் என்பது எனக்கும் தெரியும், ஜெர்சி தைப்பதை நான் தப்புச் சொல்லவே இல்லை. ஆனால் நம் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியாததா? அதன் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நிலம் கெட்டது, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நின்றது, அப்புறம் ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது என்று எவ்வளவு செலவு பண்ணிச் சுத்திகரிக்கிறார்கள், எல்லாம் பார்த்தவர்கள் நாம். இந்த ஊரில் ஒரு துணியை ஒரு பகல் போட்டுவிட்டு வீசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளி கொடுத்த ஹவுஸ் டீ-சர்ட் இருக்கும்போதே சில வகுப்புகளில் வாட்ஸ்அப் குழுவில் காசு பிரித்துத் தனி ஜெர்சி அடித்திருக்கிறீர்கள். முடியாத வீட்டிலும் பிள்ளை முகம் வாடக்கூடாதென்று கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கறாராகவே சொல்கிறேன்: அடுத்த விழாவுக்கு வகுப்பு ஜெர்சி கிடையாது, பாட்டில் பெட்டி கேட்டைத் தாண்டி உள்ளே வராது, பிள்ளை படம் போட்ட பிளெக்ஸ் வைத்தால் அன்றைக்கே கழற்றிவிடுவோம். யார் கேட்டாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள். உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்காகத்தான் செய்தீர்கள். அன்றைக்கு நாலைந்து தாய்மார்கள் அண்டாவில் நீர்மோர் கொண்டுவந்து, எவர்சில்வர் டம்ளர்களைத் தாங்களே கழுவிக் கழுவி வைத்தார்கள். மைதானத்திலேயே நீளமான வரிசை அங்கேதான் நின்றது. அவர்களுக்கும், ராத்திரி எட்டு மணிவரை நின்று நாற்காலி ஏற்றிவிட்ட அப்பாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அந்த மஞ்சள் ஜெர்சியைத் துவைத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அளவு சிறுத்துப்போன டீ-சர்ட், ஷூ வீட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள், ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆகும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்