பொருத்த எண் மட்டும் உறவுமுறை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையவழி டிஎன்ஏ ஒப்பீட்டுக் கருவிகளைக் கொண்டு தம் குடிவழியைத் தேடுவோர் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அக்கருவிகள் காட்டும் எண்ணையே உறவுமுறையாக எடுத்துக்கொண்டு, வேறு சான்று எதையும் பாராமல் குடும்ப மரத்தில் பெயர்களைச் சேர்த்துவிடும் போக்கும் உடன் வளர்ந்துவருவது கவலை தருகிறது.

ஜெட்மேட்ச், மைஹெரிடேஜ் போன்ற தளங்கள் அளப்பது, இருவரின் குரோமோசோம்களில் ஒத்திருக்கும் துண்டுகளின் நீளத்தைத்தான். சென்டிமார்கன் என்ற அலகில் தரப்படும் அந்த அளவு, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 3,400-ஐ ஒட்டி வருவதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. அதுவே 1,750 என்று வந்தால், எதிரில் இருப்பவர் தாத்தா பாட்டியாக இருக்கலாம். அத்தை, மாமா, சித்தி, சித்தப்பாவாக இருக்கலாம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பாகவும் இருக்கலாம். இவர்களுள் யார் என்பதை வயதும், பிறப்பு, திருமணப் பதிவுகளும், இருவருக்கும் பொதுவாகப் பொருந்தும் மூன்றாம் நபர்களும் சேர்ந்துதான் தெளிவாக்க முடியும்.

தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட சமூகங்களில் இன்னும் கவனம் வேண்டும். நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெநாசி யூதர்களிடையே நன்கு அறியப்பட்ட சிக்கல் இது: பழைய மூதாதையர் பலரிடமிருந்து பல வழிகளில் வந்த சிறு துண்டுகள் ஒன்றுசேர்ந்து, தூரத்து உறவினரையும் நெருங்கிய உறவினரைப்போலக் காட்டிவிடும். மொத்தம் 90 சென்டிமார்கன் என்பது 45 வீதம் இரண்டே துண்டுகளாக இருந்தால், அண்மைக் காலத்துப் பொது மூதாதையர் ஒருவரைத் தேடிப் புறப்படலாம். ஒன்பது வீதம் பத்துத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், அந்த மூதாதையர் எந்த ஆவணத்துக்கும் எட்டாத காலத்தவராக இருக்கக்கூடும். ஏழு சென்டிமார்கனுக்கும் குறைந்த நீளமுள்ள துண்டுகளில் பல தற்செயலான ஒற்றுமைகளே. ஆகவே, மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் மிக நீளமான துண்டு எவ்வளவு என்று பார்ப்பதே முறை.

தளம் காட்டும் பொருத்தப் பட்டியலில் பெயர் இல்லாததாலேயே ஒருவரை உறவினர் அல்லர் என்று தள்ளிவிடுவதும் தவறு. எள்ளுத்தாத்தா (தாத்தாவின் தாத்தா) வழியில் இணையும் உறவினருள் சுமார் பத்தில் ஒருவரும், அதற்கு அடுத்த தலைமுறையில் இணைவோருள் ஏறத்தாழ பாதிப் பேரும் கண்டறியத்தக்க பொருத்தம் எதுவுமின்றியே இருப்பர்.

குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் சம்மதித்தால் முதலில் அவரைச் சோதிப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு தலைமுறை முந்தையவர் என்பதால் அவரது பொருத்தங்கள் தெளிவாக இருக்கும். சம்மதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்; ஒருவரின் விவரம் அவருடைய உறவினரின் கணக்கு வழியாகவும் வெளியே போகக்கூடும். 2023-இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தவர்கள், உறவினரைக் காட்டும் வசதியின் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்களை எட்டினார்கள்.

இத்துறை பற்றித் தங்கள் நாளிதழ் கட்டுரை வெளியிடும்போது, ஒவ்வொரு உறவுக்கும் உரிய சென்டிமார்கன் எல்லையை அட்டவணையாகச் சேர்த்துத் தர வேண்டுகிறேன். உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்கு இடையே மட்டுமே அந்த அளவு சுமார் 400 முதல் 1,400 வரை மாறக்கூடியது என்பதை, முடிவைக் கையில் வைத்திருக்கும் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடிவழி ஆய்வில் ஆர்வமுள்ள வாசகர்